மூன்றாவது ஞாயிற்றின் இருமல்

எண்ணூற்றுப் பதிமூன்று பேரை ஒரே நொடியில் இரும வைத்தவன் நான். கோயிலுக்குள், பூசை நடுவில், ஒலிபெருக்கிக்கு முன்னால். இரண்டு கைக்குழந்தைகளும் காது கேட்காத கொச்சேலியும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அந்த இருமலில் கோயில் முற்றத்துத் தென்னைகளிலிருந்து பதினேழு தேங்காய் விழுந்தது. ஆற்றில் போய்க்கொண்டிருந்த அரசாங்கப் படகு கரையிலிருந்து ஒரு முழம் விலகிப் போயிற்று. படகோட்டி காற்று என்று நினைத்துப் பக்கத்துத் தார்ப்பாயை இறக்கிவிட்டான்.

புத்தன்கரிக் கோயிலில் முப்பத்தொரு வருடம் கப்பியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை வைக்கிற அச்சனுக்கு அங்கி எடுத்துக் கொடுப்பது, பிரசங்கம் நீண்டால் அவர் பார்க்கும்படி கடிகாரத்தைப் பார்ப்பது, இவை கப்பியாரின் வேலைகள். பொய் சொல்வது அதில் வராது. அதனால் நான் சொல்வதை ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் இருபத்தைந்து வருடமாக, அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். யாருக்காக அத்தனை பேரும் இருமினார்களோ, அந்த ஈப்பன்தான் அவர். என் சிநேகிதன். நாங்கள் இருவரும் ஒரே வாய்க்காலில் நீந்தக் கற்றவர்கள். அவர் நன்றாகக் கற்றார்.

ஈப்பனுக்கு உலகன்னான் என்ற பெயர் ஆகாது. ஏன் ஆகாது என்றால், ஆகாது. எந்த உலகன்னானும் அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரு உலகன்னான் அவர் வயலில் மடை உடைந்தபோது நடு மழையில் வந்து மண் சுமந்திருக்கிறார். ஈப்பன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நன்றி சொன்னார். உலகன்னான் என்பதும் யோவான் என்பதும் ஒரே புனிதரின் பெயர்தான். யோவான் பரவாயில்லை, ஜான் பரவாயில்லை, திருச்சூர்க்காரர்கள் வைக்கிற லோனப்பன்கூடப் பரவாயில்லை. உலகன்னான் என்று காதில் விழுந்தால் மட்டும் பிடரி சிவந்து, விக்கல் பிடித்து, செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். அன்று முழுக்கக் கஞ்சிகூட இறங்காது. சோற்றில் கல் கடிபட்டதுபோல இருக்கிறதாம், அதுவும் அதே பல்லில்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். என் மனைவிக்கு சிசிலி என்ற பெயர் ஆகாது. வேளைக்கு நாலு லிட்டர் கறக்கிற பசு ஒன்று விலைக்கு வந்தது; பழைய வீட்டில் அதை சிசிலி என்று கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் மத்தாயி என்று பெயருள்ளவனுக்குக் கொட்டுகிற மழையிலும் குடை இரவல் தரமாட்டேன். ஆனால் நாங்கள் இதையெல்லாம் மடித்து வைத்துக்கொண்டு வாழ்கிறோம். ஈப்பன் விரித்துப் போட்டுக்கொண்டு வாழ்ந்தார். தேங்காய் பறிக்க வந்தவன் பெயர் உலகன்னான் என்று தெரிந்து ஏணியில் பாதி ஏறியவனை இறக்கிவிட்டதில், அந்த வருடம் அவர் தோப்பில் தேங்காய்கள் மரத்திலேயே முளைத்து, மரத்தின் மேல் மரம் நின்றது. நானே பார்த்தேன்.

தொல்லை எங்கே என்றால், அவருக்கு ஒரே மகள், சோசம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் கோயில் பங்கில் அவள் ஊசி போடாத இடுப்பு கிடையாது. ஆற்றில் வெள்ளம் ஏறி எல்லாரும் பரணில் உட்கார்ந்திருந்தபோது, வாழைத்தண்டுத் தெப்பத்தில் மருந்துப் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வீடு வீடாக வந்தவள். அவளுக்கு வயது இருபத்தொன்பது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. ஏழு சம்பந்தம் வந்தது. ஏழையும் ஈப்பன் திருப்பி அனுப்பினார். ஒருவனுக்குத் தகப்பன் பெயர் உலகன்னான். ஒருவனுக்கு அக்காள் புருஷன். ஒருவன் வீட்டுக்கு எதிரில் உலகன்னான் என்று பலகை மாட்டிய அரிசி ஆலை. ஏழாவது பையன் வீட்டில் எவருக்கும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் பையன் பேச்சு வாக்கில், எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது ஒரு உலகன்னான் சேட்டன் என்று சொல்லிவிட்டான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஈப்பன் எழுந்தார்.

அதற்குப் பிறகு படகுத்துறை டீக்கடையில் எல்லார் முன்னிலையிலும் ஒரு சபதம் வேறு போட்டார்.

“மாப்பிள்ளைன்னு சொல்லி அந்தப் பேரு என் காதுல விழுந்துச்சோ, பந்தல் போட்டிருந்தாலும் பிரிச்சிருவேன். இது ஈப்பன் வாக்கு.”

ஈப்பன் வாக்குக் கொடுத்தால் மாற்றமாட்டார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

எட்டாவதாக வந்தவன் ஷாஜி. ஆற்றுக்கு அக்கரையில் படகு இயந்திரம் பழுதுபார்க்கிறவன். அவனைப் பார்த்த அன்றே ஈப்பனுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை அவன் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் ஓட வைத்தான். இருவரும் சேர்ந்து ஒரு முழு வாத்து வறுவலைத் தீர்த்தார்கள். ஷாஜி என்று சொல்லும்போதே நாக்கில் மிட்டாய் கரைகிறது என்று ஈப்பன் என்னிடம் சொன்னார். தகப்பன் குருவிளா, சித்தப்பன் பவுலோஸ், பக்கத்து வீட்டுக்காரன் இட்டூப்பு, எல்லாம் விசாரித்தார். பையனின் ஞானஸ்நானப் பெயரை மட்டும் விசாரிக்கவில்லை. வாயில் மிட்டாய் இருக்கும்போது யார் விசாரிப்பார்கள்?

எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர். வீட்டில் கூப்பிட ஒன்று, கோயில் ஏட்டில் ஒன்று. ஏட்டுப் பெயரைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. மூத்த மகனுக்குத் தகப்பன் வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய் வழித் தாத்தா பெயர். தாத்தாவை மாற்ற முடியாது, பெயரையும் மாற்ற முடியாது. கோயிலில் நிச்சயம் செய்கிற மனசம்மதத்தன்று வந்திருந்த சின்ன அச்சன், எல்லாரும் ஷாஜி ஷாஜி என்றதைக் கேட்டு அவரும் ஷாஜி என்றே கூப்பிட்டுச் சடங்கை முடித்துவிட்டார். அடுத்த வாரம் அக்கரைக் கோயிலிலிருந்து தேசக்குறி வந்தது. பையன் நம் பங்கைச் சேர்ந்தவன், நல்லவன், கல்யாணம் ஆகாதவன் என்று அந்தப் பங்கின் அச்சன் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற கடிதம் அது. கோயிலுக்கு வருகிற கடிதத்தை முதலில் பிரிப்பவன் கப்பியார். பிரித்தேன். குருவிளா மகன் உலகன்னான், வயது முப்பது.

எனக்கே விக்கல் வந்தது.

நேராக சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். சோசம்மா யாருக்கோ புண் கட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“தெரியும் தொம்மிச்சாச்சா. எட்டு மாசமா தெரியும்.”

“மோளே, இதை அச்சன் மூணு ஞாயிறு கோயில்ல வாசிப்பாரு. கூரை மேல இருக்கிற கோளாம்பி ஒலிபெருக்கியில அரை மைலுக்குக் கேக்கும். உங்கப்பன் காது அதுக்குள்ளதான இருக்கு?”

“அதான் உங்க கையில விட்டிருக்கேன்” என்றாள். “இந்தப் பையன் போனா எனக்கு இன்னொரு பையன் வேண்டாம். அப்பச்சனையும் விட்டுட்டுப் போகமாட்டேன். மூணே மூணு ஞாயிறு. பாத்துக்கோங்க.” புண்ணோடு உட்கார்ந்திருந்தவன், நானும் பாத்துக்கறேன் என்றான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது, ஈப்பனைத் தவிர.

முதலில் எங்கள் பங்குச்சாமி வடக்கேல் அச்சனிடம் போய்ப் பார்த்தேன். எழுபது வயது, இரும்புத் தூண் மாதிரி நேரானவர். ஏட்டுப் பெயருக்குப் பதில் கூப்பிடும் பெயரை வாசித்தால் என்ன என்று மெல்லக் கேட்டேன்.

“ஷாஜின்னு ஒரு புனிதர் மோட்சத்துல கிடையாது தொம்மி. ஞானஸ்நானப் பேரு, சத்தமா, மூணு தடவை, மூணு ஞாயிறு. எல்லாரும் கேக்கணும். கேட்டாத்தான் கல்யாணத்துக்குத் தடை சொல்றவன் சொல்வான்.”

முதல் ஞாயிறு விடியற்காலை ஈப்பனின் முந்நூறு வாத்துகளின் கூட்டை யாரோ திறந்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியாது; என் வேட்டியில் வாத்து இறகு ஒட்டியிருந்தது என்று மனைவி சொன்னாள், அவ்வளவுதான். ஈப்பன் தோணியில் நாலு மைல் துரத்திப் போனார். கோயிலில் பெயர் வாசித்து முடிந்தது. இரண்டாவது ஞாயிறு சோசம்மாவே பார்த்துக்கொண்டாள். முதல் அழைப்பு தனக்கு வராவிட்டால் அத்தை பந்தலில் கால் வைக்கமாட்டாள் என்று சொல்லித் தகப்பனைக் காயங்குளத்துக்கு அனுப்பிவிட்டாள். அதுவும் முடிந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கு எந்தச் சாக்கும் செல்லவில்லை. ஒரே மகள், அவள் பெயரைக் கோயிலில் வாசிப்பதை ஒரு தடவையாவது காது குளிரக் கேட்க வேண்டாமா என்று ஈப்பன் பிடிவாதமாக நின்றார். வாத்துக் கூட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். எந்த அத்தைக்கும் உடம்பு சரியில்லை என்றாலும் திங்கட்கிழமைதான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். வெள்ளிக்கிழமை சவரம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்.

அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. திருநாளுக்கு அரிசி சேர்க்கிறேன் என்று சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முந்நூற்று நாற்பது வீடு ஏறினேன். அச்சன் ‘குருவிளா மகன்’ என்றதும் நான் இடது காதைச் சொறிவேன். சொறிந்ததும் எல்லாரும் இரும வேண்டும். ஒத்திகை ஆண்களுக்குக் கள்ளுக்கடையில், பெண்களுக்குச் செபமாலை முடிந்த பிறகு. பெண்கள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் பதினொரு ஒத்திகை கேட்டார்கள். எல்லாமே கள்ளுக்கடையில்தான் வேண்டும் என்றார்கள்.

ஞாயிறு வந்தது. ஈப்பன் பெட்டி மடிப்புக் கலையாத வேட்டியோடு ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் போய் நின்றார். பிரசங்கம் முடிந்து அச்சன் ஏட்டை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். கோயிலில் கொசு பறந்தால் கேட்டிருக்கும்.

“குருவிளா மகன்…”

காதைச் சொறிந்தேன். அந்த இருமலைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். மெழுகுவர்த்திகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. பீடத்து விரிப்பு தானாக நாலு விரல் நகர்ந்தது. ஒலிபெருக்கி அதை வாங்கி ஆற்றுக்கு அனுப்பியது. இரண்டு மைல் தள்ளி எருமை மேய்த்தவன் வேட்டு என்று நினைத்துத் திருநாள் தேதியை விசாரித்தானாம்.

ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. அச்சன் இரும்புத் தூண் என்று சொன்னேன் அல்லவா? அவர் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக எண்ணூற்றுப் பதிமூன்று பேரையும் பார்த்தார். யாருக்கும் கேட்டிருக்காது, கேட்காவிட்டால் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சொறிந்தேன். இருமினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் வறட்சிதான், இருந்தாலும் பெயர் மூழ்கிவிட்டது. அச்சன் ஏட்டை மூடி விரலை இடையில் வைத்துக்கொண்டார்.

“பனிக்காலம், எனக்குப் புரியுது. இருமறவங்க எல்லாம் இப்பவே இருமி முடிச்சுக்கோங்க. நான் காத்திருக்கேன்.”

அச்சன் சொன்னால் தட்ட முடியுமா? எல்லாரும் கீழ்ப்படிந்து இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து, மிச்சம் வைக்காமல், கோழையோடு. எங்கள் பங்கில் கீழ்ப்படிதல் அதிகம். நான் தலையை ஆட்டி ஆட்டித் தடுத்தும் யாரும் பார்க்கவில்லை. கடைசி இருமல் அடங்கியபோது அந்தக் கோயிலில் ஒரு தொண்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அச்சன் மூன்றாம் தடவை வாசிக்க ஆரம்பித்தார்.

“குருவிளா மகன்…”

இடது காதைச் சொறிந்தேன். வலது காதையும் சொறிந்தேன். இரண்டையும் சேர்த்துச் சொறிந்தேன். கள்ளுக்கடையில் பதினொரு தடவை இருமின சிங்கங்கள் வாயைத் திறந்து திறந்து மூடின, கரையில் போட்ட மீன் மாதிரி. சோசம்மாவின் முகம் என் கண் முன்னால் வந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக் குனிந்துவிட்டேன்.

அப்போது வந்தது ஒரு இருமல். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு இருமல். லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டினதுபோல. பொத்திய காதுக்குள்ளும் புகுந்து வந்தது. அது அடங்கியபோது அச்சன் “…ஈப்பன் மகள் சோசம்மாவும்” என்று வாசித்துக்கொண்டிருந்தார். தடை உண்டா என்று கேட்டார். யாருக்கும் குரலே இல்லை, தடை எங்கிருந்து வரும்? ஒற்றை இருமலுக்காக மறுபடி ஆரம்பிக்கிறவர் அல்ல அவர்; ஏட்டைப் பட்டென்று மூடினார்.

இருமினது யார் என்று எவருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் என்றார்கள், முன்னால் நின்றவர்கள் பக்கத்தில் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் ஏழு பேர் அது தங்கள் இருமல் என்று உரிமை கொண்டாடினார்கள். எட்டாவது ஆளாக நானும் கொண்டாடினேன் என்பதை மறைக்கவில்லை. சோசம்மா அந்த வாரம் இருநூறு பேருக்கு இருமல் மருந்து கொடுத்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்த ஈப்பனின் கண் கலங்கியிருந்தது. மகள் பெயரை அச்சன் என்ன அழகாக வாசித்தார் என்றார். மாப்பிள்ளை பெயர் கேட்டதா என்று பயந்துகொண்டே கேட்டேன். ஷாஜிதானே, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றார். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் அந்தப் பெயர் இன்னொரு தடவை வந்தது. அந்த நேரம் பார்த்து ஈப்பனின் கைக்குட்டை கீழே விழ, அவர் குனிந்து வெகுநேரம் தேடினார். கைக்குட்டை அவர் கால் மேலேயே கிடந்தது. என்ன அதிர்ஷ்டம் என்று நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பேரன்கள் பிறந்தார்கள். முறைப்படி மூத்தவன் குருவிளா, இளையவன் ஈப்பன். நான் டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஈப்பன் பக்கத்தில் உட்கார்ந்து புட்டைப் பிசைந்துகொண்டே, ஒருத்தரும் இருமவில்லை, இவன் கனவு கண்டான் என்பார். இருபத்தைந்து வருடம் இதே பாட்டு.

போன மாசி மாதம் சோசம்மாவுக்கும் ஷாஜிக்கும் கல்யாண வெள்ளி விழா. அப்பமும் வாத்துக் கறியும் முடிந்து ஆளாளுக்கு ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினார்கள். பைலி எழுந்தான். ஈப்பனின் வரப்புக்கு அடுத்த வரப்புக்காரன், வாத்து வளர்க்கிறவன். தன் வாத்து எது, ஈப்பன் வாத்து எது என்பதில் இருவருக்கும் முப்பது வருட வழக்கு. அந்தக் கடைசி இருமல் தன்னுடையது என்றும், தான் இருமியிராவிட்டால் இன்றைக்கு இந்தப் பந்தலே இல்லை என்றும் சொல்லி, இருமியும் காட்டினான். கோழிக்குஞ்சு தும்மினதுபோல இருந்தது. கூட்டம் கைதட்டியது.

ஈப்பனின் பிடரி சிவந்தது. எண்பது வயதில் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார்.

“பைலி, உக்காரு. அது உன் இருமல் இல்ல. என் இருமல்.”

சோசம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்பச்சா, அப்போ பேரு உங்களுக்கு…”

“முதல் தடவையே கேட்டுச்சு மோளே. எண்ணூறு பேரு இருமினா மட்டும் அந்தப் பேரு நிக்குமா? அது இரும்பு ஆணி மாதிரி நேரா வந்து இறங்குச்சு. ரெண்டாவது தடவையும் இறங்குச்சு. பிடரி எரியுது, விக்கல் வருது. ஆனா ஊரே இருமினப்போ, கேக்கலைன்னு நான் சொல்லிக்கலாம். மூணாவது தடவை ஒருத்தன் தொண்டையிலயும் ஒண்ணுமில்ல. அமைதியில அந்தப் பேரு வந்தா, நான் கேட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சா என் வாக்கு இருக்கு. பந்தலைப் பிரிக்கணும்.” ஷாஜியைத் திரும்பிப் பார்த்தார். “நல்ல பையன். மோட்டாரை எவ்வளவு சீக்கிரம் சரிபண்ணினான். அதான் நானே இருமிட்டேன். என் இருமலை மீறி என் காதுக்கு எதுவும் வர முடியாதுல்ல?”

ஷாஜி எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் விடுவேனா? இருபத்தைந்து வருடக் கணக்கு எனக்கு.

“ஈப்பா, அப்போ ஊரே சேர்ந்து இருமினது?”

“இருமினீங்க.”

“மெழுகுவர்த்தி சாஞ்சது?”

“சாஞ்சுது.”

“பதினேழு தேங்காய்?”

ஈப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“நடந்ததுதான், ஒத்துக்கறேன். ஆனா உங்க எல்லாருக்கும் சேர்த்து விழுந்தது பதினாறு. பதினேழாவது, நான் இருமினப்போ விழுந்தது.”